அலுமினியப் படகும் செப்புக்காசும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைப் ‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்பர். அவ்வேரிக் கரைகளில் 12 முதல் 16 அடிவரை நீளமுள்ள அலுமினியப் படகுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். இரண்டாம் உலகப் போர் முடியுந் தறுவாயில், ஆகாயவிமானங்களைச் செய்துவந்த கிரம்மன் நிறுவனம் அலுமினியத் தகட்டில் தோணி செய்யத் தொடங்கியது. பிறரும் அவ்வழியே சென்றனர். பழைய படகொன்றை மலிவாக வாங்கிச் சிறு செலவில் திருத்திக்கொள்வது அங்குள்ள தூண்டிற்காரர் பலரின் வழக்கம்.

முதல் வேலை ஒழுக்கைக் காண்பது. படகைத் தாங்கிகளின்மேல் ஏற்றி உள்ளே சிறிது நீர் ஊற்றினால், கசியும் தறையாணி வெளியே துளியாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருபுறம் கனத்த இரும்பை அணைகொடுத்து, மறுபுறம் சுத்தியலால் தட்டி அதனை இறுக்கலாம்.

அடுத்தது, நின்று மீன்பிடிக்கத் தளம் அமைத்தல். பலர் பிழைவிடுவது இங்கேதான். உளுக்காதிருக்க மருந்தூட்டிய பலகை நல்லதென எண்ணி அதையே வாங்குவர். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு, வீட்டுத் தேவைக்கான மரங்களில் ஆசனிக்குக் கலந்த மருந்து பெரும்பாலும் கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்த மருந்துகளிற் செப்பு மிகுதி. செப்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால், 1800இல் வோல்ற்றா அறிவித்த மின்னடுக்கின் கதைதான்: மின்னோட்டம் பிறக்கிறது, அலுமினியம் கரைகிறது. படகின் அடியில் விழுந்து மறக்கப்பட்ட பழைய செப்புக்காசு ஒன்றே நாளடைவில் தகட்டை அரித்துத் துளையிடக்கூடும். மரத்தோணிக்கு உற்ற நண்பனான செப்பாணி இங்கே பகைவனாகிறது! ஆகவே சாதாரண ஒட்டுப்பலகைக்கு நன்றாக வர்ணம் பூசிக்கொள்வதே தக்கது; செலவும் குறைவு. செப்புக் கலந்த அடிவர்ணமும் ஆகாது.

விளக்குக்குப் பற்றறி வைப்போர் படகின் உடலையே மின் திரும்பும் வழியாக்கலாகாது. இரு கம்பிகளையும் தனித்தனியே இழுக்கவேண்டும். உருகியைப் பற்றறிக்கு அண்மையிற் பொருத்துவது முறை. தூண்டிற்கோல் தாங்கிக்கு ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய் போதும்.

இருக்கைகளின் கீழுள்ள நுரைக்கட்டியை மட்டும், சாமான் வைக்க இடம் வேண்டுமென்று பிடுங்கி எறிதல் பேராபத்து. படகில் நீர் நிறைந்தாலும் அது அமிழாதிருப்பது அந்த நுரையினாலேயே. நாட்பட்ட நுரை நீரை உறிஞ்சிக் கனத்திருந்தால், நீர் புகாத புதிய நுரையை அதே அளவில் இடவேண்டும். தளத்தின் பாரத்தையும் மறக்கலாகாது. 1972 நவம்பர் முதல் அந்நாட்டிற் செய்யப்படும், 20 அடிக்குட்பட்ட இயந்திரப் படகுகளில், ஏற்றத்தக்க நிறையைக் காட்டும் தகடு பொருத்தப்படுகிறது. புதிய பலகையின் நிறை எத்தனை இறாத்தலோ, அத்தனையும் அந்தக் கணக்கிற் கழிக்கப்படவேண்டியதே.