கொடையிலிருந்து பங்காளித்துவத்துக்கு: லண்டன் தமிழரும் தாயக அபிவிருத்தி நிதியும்

(லண்டன் வாழ் தமிழ்ப் பெற்றோரும் இளையோரும் கூடிய அவையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கடல் கடந்து சென்ற ஈழத்தமிழர் ஊருக்குப் பணம் அனுப்புவது புதிய வழக்கமன்று. ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞர்களாகவும் புகையிரத நிலைய அதிபர்களாகவும் சென்ற யாழ்ப்பாணத்தார் அனுப்பிய காசுக்கட்டளைகளால் கல்வீடுகளும் கோயில்களும் பாடசாலைக் கட்டடங்களும் எழுந்தன. இன்று ஹரோவிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட்ஹாமிலும் இயங்கும் ஊர்ச்சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் அந்த வழக்கத்தின் தொடர்ச்சியே ஆகும். மேற்கு லண்டன் ஈலிங்கில் அமைந்துள்ள ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் ஆலயம், போரினால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்கும் பெண்களுக்குமான திட்டங்களுக்கு நீண்டகாலமாக நிதி வழங்கி வருவது குறிப்பிடத்தக்கது. கொடுக்கும் மனம் இம்மக்களிடம் குறைவுபடவில்லை. குறைவுபட்டிருப்பது, அக்கொடையுடன் பிறருடைய நிதியையும் இணைத்து ஒரு பவுண்டை இரண்டாகவும் மூன்றாகவும் பெருக்கும் ஏற்பாடே.

சர்வதேசப் பங்காளித்துவம் என்றவுடன் பலருக்கும் பெரிய மாநாடுகளே நினைவுக்கு வரும். 2003 ஆம் ஆண்டு யூன் மாதம் டோக்கியோவில் கூடிய உதவி வழங்கும் நாடுகள், இலங்கையின் மீள்கட்டுமானத்துக்கென ஏறத்தாழ 450 கோடி அமெரிக்க டொலர் தருவதாக அறிவித்தன. வடகிழக்குக்கெனத் தனி நிதியம் ஒன்றை அமைத்து, அதன் காப்பாளராக உலக வங்கி இருப்பதென்றும் அக்காலத்தில் இணக்கம் காணப்பட்டிருந்தது. பேச்சுவார்த்தை தடைப்பட்டது, நிதியம் எழவில்லை. 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது, பிரித்தானிய மக்கள் டி.ஈ.சி. எனப்படும் பேரிடர் அவசரக் கூட்டமைப்பின் ஊடாக, பாதிக்கப்பட்ட நாடுகள் அனைத்துக்குமாக 39 கோடி பவுண்டுக்கு மேல் வழங்கினர். அவ்வாறு வந்த உதவிகளை வடகிழக்கில் பகிர்வதற்கென 2005 யூன் 24 அன்று பொதுக்கட்டமைப்பு உடன்பாடு கைச்சாத்தாகியது. அடுத்த மாதமே அதன் முக்கிய பிரிவுகளுக்கு இலங்கை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அக்கட்டமைப்பு ஒருபோதும் இயங்கவில்லை.

இவ்விரு நிகழ்வுகளிலும் பணம் இருந்தது. அதனை ஏந்தும் பாத்திரம் இருக்கவில்லை. அரசுகளின் மட்டத்தில் அந்தப் பாத்திரத்தைச் செய்வது லண்டனில் உள்ள ஓர் ஊர்ச்சங்கத்தின் கையில் இல்லை. ஆனால் தன்னளவில் ஒரு சிறு பாத்திரத்தையாவது செய்துகொள்ள அச்சங்கத்தால் முடியும்.

இவ்விடத்தில் ஒரு வரலாறு நோக்கத்தக்கது. 1984 ஆம் ஆண்டு, ஆபிரிக்காவில் பஞ்சம் தலைவிரித்தாடிய வேளையில், பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பயின்ற எகிப்திய மருத்துவர் ஹனி அல்-பன்னாவும் சக மாணவர்களும் இஸ்லாமிக் ரிலீஃப் என்ற அமைப்பைத் தொடங்கினர். அதற்குக் கிடைத்த முதற் கொடை 20 பென்ஸ். பத்து ஆண்டுகளில், 1994 இல், பிரித்தானிய அரசின் நிதியுதவி அவ்வமைப்புக்குக் கிடைத்தது. 2005 இல் அது டி.ஈ.சி.யின் உறுப்பினராகியது. ஆழிப்பேரலையின்போது ஒரு தமிழ் அமைப்பேனும் அக்கூட்டமைப்பில் இருந்ததில்லை. சமூகத்தின் அளவு மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறித் தப்பிவிட இயலாது. இஸ்லாமிக் ரிலீஃப் ஓர் ஊருக்கோ ஒரு கல்லூரிக்கோ உரியதாகத் தன்னைக் குறுக்கிக்கொள்ளவில்லை. தமிழரிடையேயோ ஒரே பிரதேச செயலர் பிரிவுக்குள் அடங்கும் அயல் கிராமங்கள் இரண்டுக்கு லண்டனில் இரு சங்கங்கள், இரு நிர்வாக சபைகள், இரு இராப்போசன விருந்துகள். விருந்துச் செலவு போக மிஞ்சியது எவ்வளவு என்ற கேள்வி மண்டபத்தின் பின்வரிசையில் மட்டுமே எழும்.

முதற் பங்காளியைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. அப்பங்காளி பிரித்தானியத் திறைசேரியே. வருமான வரி செலுத்தும் ஒருவர், அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்கு ஒரு பவுண்ட் வழங்கி உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டால், கிஃப்ட் எயிட் முறையின்படி அவ்வறக்கட்டளை மேலும் 25 பென்ஸ் பெறுகிறது. 200 குடும்பங்கள் மாதம் 10 பவுண்ட் வீதம் வழங்கும் ஒரு சங்கத்தை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்குச் சேரும் 24,000 பவுண்டுடன் மேலும் 6,000 பவுண்ட் வந்து சேரும். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு எத்தனை மாத வேதனம் அது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். பதிவு செய்யப்படாத சங்கத்துக்குக் கையில் கொடுக்கப்படும் காசுக்கும், உண்டியல் முறையில் ஊருக்கு நேரே அனுப்பப்படும் காசுக்கும் இவ்வாய்ப்பு இல்லை.

இரண்டாவது பங்காளி தொழில் வழங்குநர். ஊழியர் வழங்கும் கொடைக்கு ஈடாகத் தாமும் வழங்கும் நிறுவனங்கள் லண்டனில் பலவுண்டு. அந்நிறுவனங்களில் பணிபுரியும் தமிழ் இளையோரும் பலர் உள்ளனர். மூன்றாவது பங்காளி மருத்துவத்துறை. பிரித்தானிய மருத்துவமனைகளையும் வறிய நாடுகளின் மருத்துவமனைகளையும் இணைப்பதற்கென 1988 இல் தொடங்கப்பட்ட தெட் என்ற அமைப்பு காட்டிய வழியில், பணத்தைவிடப் பயிற்சியும் நிபுணத்துவமும் கைமாறுகின்றன. தேசிய சுகாதார சேவையில் தமிழ் மருத்துவர்களும் தாதியரும் எவ்வளவு பேர் பணியாற்றுகின்றனர் என்பதை இவ்வவையில் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அரசின் வெளிநாட்டு உதவியை மட்டும் நம்பியிருக்கும் காலம் கடந்துவிட்டது என்பதையும் கூற வேண்டும். தேசிய வருமானத்தில் 0.7 வீதமாக இருந்த பிரித்தானியாவின் உதவி இலக்கு 2021 இல் 0.5 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2027 இல் 0.3 வீதமாகும் என்று 2025 பெப்ரவரியில் அறிவிக்கப்பட்டது.

புலம்பெயர்ந்தோரின் கொடைக்கு அவர்களது தாயக அரசே ஈடு வழங்கிய நாடும் உண்டு. மெக்சிகோவின் சகாதேகாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்கா சென்ற தொழிலாளரின் ஊர்ச்சங்கங்கள் வழங்கிய நிதிக்கு மாநில அரசு ஈடு வழங்கத் தொடங்கியது. 2002 இல் அது நாடு தழுவிய திட்டமாகி, சங்கம் வழங்கும் ஒவ்வொரு பங்குக்கும் கூட்டாட்சி அரசும் மாநில அரசும் நகரசபையும் ஒவ்வொரு பங்கு சேர்த்தன. வீதிகளும் குடிநீர்க் குழாய்களும் அமைந்தன. அத்திட்டம் பின்னர் நிறுத்தப்பட்டுவிட்டபோதிலும், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அது நடைபெற்றது. இலங்கையில் அதற்கு நேர்மாறான அனுபவமே கிட்டியது. 2013 இல் தெரிவான வடக்கு மாகாண சபை, புலம்பெயர் தமிழரின் உதவியையும் பெறத்தக்க முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க முயன்றது. அதற்கான இசைவு கிடைக்கவேயில்லை.

பங்காளியைப் பெறுவதற்கு விண்ணப்பம் எழுதும் திறமை மட்டும் போதாது, கணக்கு வேண்டும். 2001 இல் பிரித்தானியா விடுதலைப் புலிகளைத் தடைசெய்த பின்னர், தாயகத்துக்குப் பணம் அனுப்பிய தமிழ் அறக்கட்டளைகள் மீதான கண்காணிப்பு இறுகியது. லண்டனில் ஆலயம் ஒன்றை நடத்திய அறக்கட்டளையின் அறங்காவலர் ஒருவரை அறக்கட்டளை ஆணையம் பதவி நீக்கியது. அவர் மேன்முறையீடு செய்தார். 2009 ஒக்டோபரில் தீர்ப்பாயம் அந்த நீக்கத்தை ரத்துச் செய்தது. எனினும், இலங்கையில் அப்பணத்தைப் பெற்ற சிறுவர் இல்லங்களில் அது எவ்வாறு செலவாயிற்று என்பதைக் காட்டும் பதிவுகள் போதாமையாக இருந்தமை அவ்வழக்கில் வெளிப்பட்டது. நன்மனத்துடன் செய்யப்பட்ட காரியத்துக்கும் சான்று காட்ட இயலாதபோது, அதனைச் செய்தவர் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேர்ந்தது. ஊரில் உள்ள பாதிரியாரோ அதிபரோ நம்பிக்கையானவர் என்பது பெற்றோர் தலைமுறைக்குப் போதிய சான்றாக இருந்தது. அவரை அறியாத ஒரு வெளிநாட்டு நிதியத்துக்கு அது சான்றாகாது. லண்டனில் பிறந்த மகனுக்கும் மகளுக்கும்கூட அது சான்றாகாது என்பதே பெற்றோர் பலர் உணரத் தவறும் விடயம்.

கணக்கு லண்டனைக் காக்கிறது. ஊரில் உள்ளவரைக் காப்பது யார்? இலங்கை அரசு 2014 இல் 16 புலம்பெயர் தமிழ் அமைப்புகளையும் 400 இற்கு மேற்பட்ட தனிநபர்களையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. 2015 இல் அவற்றுள் எட்டு அமைப்புகள் நீக்கப்பட்டன. 2021 இல் ஏழு மீண்டும் சேர்க்கப்பட்டன. 2022 இல் ஆறு மீண்டும் நீக்கப்பட்டன. லண்டனில் இருப்பவருக்கு இது செய்தி. அவரிடமிருந்து பணம் பெற்ற வவுனியா மாதர் சங்கத் தலைவிக்கோ இது வீட்டு வாசலில் வந்து நிற்கும் விசாரணை. ஆகையால் எத்திட்டத்தை ஏற்பது, எவருடைய பெயரைப் பலகையில் எழுதுவது, எந்தப் புகைப்படத்தை வெளியிடுவது என்பவற்றில் ஊரிலுள்ள பங்காளியின் சொல்லே இறுதிச் சொல்லாக இருத்தல் வேண்டும். மறுப்புச் சொல்லும் உரிமை இல்லாதவர் பங்காளியாகார். அவர் பணம் பெறுபவர் மட்டுமே. பணம் கொடுத்தவரின் தாய் தந்தையர் பெயரைக் கட்டடத்தில் பொறிப்பதற்காக, மாணவர் குறைந்துவரும் பாடசாலையில் மண்டபம் எழுவதும், பக்கத்து ஊரில் கணித ஆசிரியர் இன்றி வகுப்புகள் முடங்குவதும் இவ்வுரிமை இல்லாமையின் விளைவுகளே.

இனம் கடந்தும் இத்தகைய கூட்டு அமையும் என்பதற்குத் தெல்லிப்பழை சான்று. 2011 யூலையில் தமிழரும் சிங்களவருமாக இணைந்து தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்து, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நிதி திரட்டினர். 20 இலட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அதனைக்கொண்டு தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை எழுப்பப்பட்டது. அதனை நடத்தும் பொறுப்பு அரச சுகாதாரத் துறையிடம் சென்றது. அதுவரை மகரகமவுக்குப் பேருந்தேறிய வடபகுதி நோயாளர் பலருக்குச் சிகிச்சை அருகில் வந்தது. நிதி திரட்டியவர்கள் கட்டடத்துடன் நின்றுவிடாது, மருத்துவரின் சம்பளத்தைத் தொடர்ந்து எவர் வழங்குவார் என்பதையும் முன்கூட்டியே தீர்த்துக்கொண்டமை இதன் சிறப்பு.

இளையோரிடம் பெற்றோர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் விருந்துக்கு வருகையும் ஒரு நடன நிகழ்ச்சியும் மட்டுமே. ஊரைக் கண்ணால் காணாத பிள்ளைக்கு அந்த ஊரின் பெயர் ஒன்றே கொடுக்கத் தூண்டுதலாகாது. ஆனால் கணக்காய்வு பயின்ற மகளும், தரவுகளுடன் நாள்தோறும் உழைக்கும் மகனும் தாம் அறிந்த தொழிலால் அதே சங்கத்தில் இடம்பெறலாம். அதற்குப் பொருளாளர் பதவியை இருபது ஆண்டுகளாக வகிப்பவர் கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுக்க வேண்டும்.

உடனடியாகச் செய்யத்தக்க ஒரு வேலையும் உண்டு. பதிவு பெற்ற அறக்கட்டளை ஒன்று, ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு முன்னர் வரை கிடைத்த கொடைகளுக்கும் கிஃப்ட் எயிட் கோரலாம். கொடுத்தவர் அக்காலத்தில் போதிய வரி செலுத்தியிருக்க வேண்டும், கொடைக்கான பதிவும் உறுதிமொழியும் இருக்க வேண்டும். சங்கத்தின் வங்கிக் கூற்றுகளையும் உறுப்பினர் பட்டியலையும் ஒப்புநோக்கி, விடுபட்டவர்களுக்குப் படிவம் அனுப்புவது ஓரிரு வார இறுதிகளில் முடியக்கூடிய பணி. அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்துக்கு முன்னரே அதனைத் தொடங்கலாம்.