புழுக்கை சொல்லும் வம்சக் கதை



கியா பார்ம் சந்தைக்கு வருகிறவர்கள் முட்டைக்கோஸும் ஸ்ட்ராபெரியும் வாங்கி, தேயிலைச் சரிவைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தச் சரிவுகளுக்கு அப்பால் நீளும் தித்திவங்சா மலைத்தொடரில் ஒரு காட்டு ஆட்டினம் உண்டு. மலாய் மொழியில் 'காம்பிங் குருன்', ஆங்கிலத்தில் செரோ. கறுத்த உடல், பிடரி மயிர், பின்னோக்கி வளைந்த கொம்பு. பெரும்பாலும் தனித்தே திரியும். ஆளரவம் கேட்டால் பாறை இடுக்கில் மறைந்துவிடும்.

கண்ணில் படாத விலங்கை எண்ணுவது எப்படி? அதன் புழுக்கை கிடைத்தால் போதும். புழுக்கையின் மேற்பரப்பில் குடலின் உயிரணுக்கள் ஒட்டியிருக்கும். அவற்றின் டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆட்டுக்கு ஆடு மாறும். அதுதான் மரபணு அடையாளம். எத்தனை ஆடுகள், எது எதற்கு உறவு என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் புழுக்கை புதிதாக இருக்கவேண்டும். மலைமழையில் ஊறிப் போனால் டி.என்.ஏ. சிதைந்துவிடும்.

மரபணு என்னவெல்லாம் சொல்லும் என்பதற்குத் தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாடு நல்ல சான்று. அது வெள்ளாட்டுக்கு அல்ல, செம்மறிக்கே நெருங்கிய உறவு என்று 2005இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். அறிவியல் பெயரே மாறியது. தமிழ்ப் பெயருக்கு மாற்றம் தேவைப்படவில்லை. செம்மறியும் நமக்கு ஆடுதானே! தமிழ்நாட்டில் 2025 கணக்கெடுப்பில் 1,303 வரையாடுகள். நீலகிரிக் கூட்டத்துக்கும் ஆனைமலை, மூணாறு கூட்டங்களுக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய். கலக்க வழியில்லை. சிறு கூட்டம் தனித்துப்போனால் உறவுக்குள்ளேயே இனம் பெருகி, குட்டிகள் நலிந்துபோகும்.

அப்படியானால் வெளியிலிருந்து ஆடுகளைக் கொண்டுவந்து விடலாமே என்று தோன்றும். வம்சம் பாராமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் தாத்ரா மலையைச் சொல்வார்கள். ஆல்ப்ஸ் காட்டாடுகளோடு துருக்கி, சினாய் ஆடுகளைச் சேர்த்தார்கள். கலப்பு ஆடுகள் பருவம் தவறி இணைந்தன. குட்டிகள் பிப்ரவரியில், கொடும் பனியில் பிறந்தன. கூட்டமே அழிந்தது.

செரோவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இரண்டு குன்றுகளின் புழுக்கையில் உறவு தெரிந்தால், நடுவிலுள்ள காட்டு வழியே ஆடுகள் போய்வந்திருக்கின்றன என்று பொருள். காய்கறித் தோட்டத்துக்கோ சாலைக்கோ அந்தக் காட்டை வெட்டுமுன் யோசிக்கவேண்டும்.

இன்னொன்று. செரோ, 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முழுப் பாதுகாப்புப் பெற்றது. தோலுரித்துத் துண்டாக்கிய இறைச்சியிலும் அதே அடையாளங்கள் இருக்கும். வீட்டு ஆட்டுக்கறி என்று சொல்லித் தப்பமுடியாது.