யாருடைய சீசன்?



கார்த்திகை பிறந்ததும் கன்னியாகுமரியில் லாட்ஜ் வாடகை ஏறிவிடும். ஏன் என்று கேட்டால், "சீசன்லா அண்ணாச்சி" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் கிடையாது, தேவையும் இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் முக்கடலையும் பார்க்க வந்துபோகிற இரண்டு மாதம், மகரவிளக்கு வரைக்கும், அங்கே சீசன். அப்போது கடற்கரையோரம் முளைக்கும் கடைக்குப் பெயரே சீசன் கடை.

இதே சொல்லைத் தென்காசியில் சொன்னால் அருவியைத்தான் நினைப்பார்கள். ஆனி, ஆடியில் சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்டினால் அவர்களுக்குச் சீசன். ஊட்டிக்காரருக்கு மே மாதமும் மலர்க் கண்காட்சியும். மயிலாப்பூருக்கு மார்கழிக் கச்சேரி. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி ஓர் இசை மாநாடு நடந்தது. அதன் தொடர்ச்சியாக மியூசிக் அகாடமி வந்தது, டிசம்பர் கச்சேரிகள் வந்தன. இன்றைக்கு ஒரு சங்கீத ரசிகர் 'சீசனுக்குப் போகிறேன்' என்றால் அருவிக்கா, பூவுக்கா என்று யாரும் கேட்பதில்லை.

நம்மூர் ரயில் நிலையத்தில் இந்தச் சொல்லுக்கு மாதமே இல்லை. நாகர்கோவிலில் காலை வண்டிக்கு நிற்பவரிடம் "சீசன் இருக்கா?" என்றால், பையிலிருந்து ஒரு டிக்கெட்டை எடுத்துக் காட்டுவார். 1979-ல் திருவனந்தபுரத்துக்கு ரயில் பாதை வந்த பிறகு, அங்கே வேலைக்குப் போய் இரவில் வீடு திரும்புகிற பலருக்குச் சீசன் என்பது ஒரு துண்டுக் காகிதம். ஆசாரியிடம் போனால், சீசன் பண்ணின மரம் என்பார்: ஈரம் வற்றக் காய்ந்து, இனி வளையாது, வெடிக்காது என்று ஆன மரம். வார்த்தை ஒன்றுதான், ஆளுக்கு ஆள் பொருள் மாறிக்கொண்டே போகிறது.

கடலில் இது இன்னும் நுணுக்கம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் கிழக்குக் கரைக்கு ஒன்று, மேற்குக் கரைக்கு வேறொன்று. இரண்டு கரையும் சேருகிற கன்னியாகுமரி மாவட்டம் நம்முடையது என்பதால் நமக்கு இரண்டும் உண்டு. சின்னமுட்டத்துப் படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. எந்தப் பக்கம் எண்ணினாலும் 61 நாள். ஜூன் பாதியில் சின்னமுட்டத்தில் ஐஸ் ஏற்றிப் படகு புறப்படும்போது, குளச்சலில் படகுகள் கட்டிக் கிடக்கும், வலையைப் பழுது பார்த்துக்கொண்டிருப்பார்கள். பெரிய படகு இறங்காத அந்த நாட்களில் வள்ளமும் கட்டுமரமும் கொண்டுவருகிற சாளைக்கும் நெத்தோலிக்கும் கரையில் கிராக்கி. ஒருவருடைய தடைக்காலம் அடுத்தவருக்குச் சீசன்.

சரி, இந்தச் சொல் வருமுன் நம் மாவட்டத்து நாஞ்சில் நாட்டில் காலத்தை எப்படிச் சொன்னார்கள்? 'பூ' என்றார்கள். கன்னிப்பூ, கும்பப்பூ. இங்கே பழகிய கொல்லம் ஆண்டுக் கணக்கில் கன்னி என்பது புரட்டாசி, கும்பம் என்பது மாசி. தென்மேற்கு மழையையும் பேச்சிப்பாறை அணைத் தண்ணீரையும் நம்பி நெல் விதைத்து, கன்னி மாதம் அறுப்பது கன்னிப்பூ. அந்த அறுவடை முடிந்ததும் அடுத்த நடவு. வடகிழக்கு மழையில் வளர்ந்து, கும்ப மாதம் அறுவடையாவது கும்பப்பூ. இரண்டு பருவமழையும் வாய்த்த மண்ணுக்கு இரண்டு பூ.

சீசனும் வயலில் பிறந்த சொல்தான். லத்தீனில் விதைப்பைக் குறித்த ஒரு சொல், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சீசன் ஆனது. அவர்கள் விதைப்பை வைத்துப் பெயர் இட்டார்கள், நாம் அறுப்பை வைத்து இட்டோம்.

ஆனால் இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கன்னிப்பூ என்றால் ஊருக்கே கன்னிப்பூ. நிலத்துக்காரர், பாட்டக்காரர், அறுப்புக்கு வந்தவர், கொல்லர், வண்ணார் எல்லோரும் ஒரே களத்தை எதிர்பார்த்து இருந்தார்கள். கிடைத்த பங்கு ஒருநாளும் சமமாக இருந்ததில்லை. மாதம் மட்டும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. இன்று வயல் பெரும்பாலும் தென்னந்தோப்பாகவும் வாழைத்தோட்டமாகவும் வீட்டு மனையாகவும் மாறிவிட்டது. களம் போனதும் தொழிலுக்கு ஒரு காலண்டர் என்றாகிவிட்டது. அதற்குச் சீசன் என்ற சொல்தான் வசதி.

அதனால் யாராவது சீசன் என்றால், யாருக்கு என்று கேட்டுப் பார்க்கலாம். தோவாளைப் பூச்சந்தையில் ஓணம் சீசன் என்றால், வீட்டுச் சாமிக்கு ஒரு முழம் பிச்சி வாங்கப் போனவர் விலையைக் கேட்டுத் திரும்பிவிடுவார். கன்னியாகுமரியில் லாட்ஜ்காரருக்குச் சீசன் என்றால், அதே தெருவில் குடியிருப்பவருக்குப் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் இருக்காது. எல்லோருக்கும் ஒன்றாக வருகிற காலத்துக்கு நம்மிடம் பெயர் இருக்கிறது. அப்படி ஒரு காலம்தான் குறைந்துகொண்டே வருகிறது.