கண்ணாடியைப் பார்த்த இடம்

பட்டம் பெறும் மாணவிகளே, 1994இல் இதே அரங்கில், இதே போன்ற கறுப்பு அங்கியில், ஏழாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அழைப்பிதழில் என் பெயருக்குக் கீழே ‘இலக்கிய முகவர், நியூயார்க்’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். வாசலில் பன்னீர் தெளித்து வரவேற்ற மாணவி என்னிடம், “மேடம், அது என்ன வேலை?” என்று கேட்டாள். அவளுக்குச் சொல்கிற பதிலையே உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

தமிழில் ஒருவர் நாவல் எழுதினால் கைப்பிரதியை நேராகப் பதிப்பாளரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். அமெரிக்காவில் பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும் அப்படி வாங்குவதில்லை. நடுவில் ஏஜென்ட் இருக்கிறார். நாவலைப் படித்து, பிடித்திருந்தால் எழுத்தாளரோடு ஒப்பந்தம் போட்டு, எந்தப் பதிப்பகத்தில் எந்த எடிட்டருக்கு அது பொருந்தும் என்று தேடி விற்பது அவர் வேலை. விற்றால் எழுத்தாளருக்கு வரும் பணத்தில் 15 சதவீதம் அவருக்கு. விற்கவில்லையென்றால் ஒரு காசும் கிடையாது. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாராவது எழுத வந்து, ‘படித்துப் பார்க்கவே இவ்வளவு கட்டணம்’ என்று யாராவது கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள். பணம் எழுத்தாளர் கைக்கு வர வேண்டியது, அவர் கையிலிருந்து போக வேண்டியதல்ல.

நான் 1999இல் மன்ஹாட்டனில் ஒரு சிறிய ஏஜென்சியில் உதவியாளராகச் சேர்ந்தேன். காலையில் தபால் மூட்டையைப் பிரிப்பதுதான் முதல் வேலை. ஒவ்வொரு உறையிலும் ஒரு பக்கக் கடிதம் இருக்கும். என் நாவல் இதைப் பற்றியது, இத்தனை சொற்கள், நான் இன்னார் என்று எழுதியிருப்பார்கள். கூடவே சொந்த முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிய இன்னொரு உறையும் இருக்கும், பதில் போடுவதற்காக. அந்த உறையில் அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டை வைத்து ஒட்டி அனுப்புவேன். ‘எங்கள் பட்டியலுக்கு இது பொருந்தவில்லை.’ அவ்வளவுதான். ஐந்து வருடம் உழைத்து எழுதியவருக்கு அந்த ஒரு வரி. ஏன் பொருந்தவில்லை, எந்தப் பக்கத்தில் நாங்கள் நிறுத்தினோம், எதுவும் சொல்ல நேரமில்லை. அந்த உறைகளை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்டும்போதெல்லாம் எனக்கு ஒரே நினைப்பு வரும். இந்த மனிதருக்கு இதைப் படித்துக் காட்ட வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

ஏன் அப்படித் தோன்றியது என்றால், எனக்கு ஆள் இருந்தது. இந்த வளாகத்து விடுதியில் நாங்கள் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். மாதம் ஒரு இதழ், மொத்தமே ஒரு பிரதி. கையெழுத்து நன்றாக இருந்த இரண்டு பேர் எழுதுவார்கள், ஒருத்தி படம் போடுவாள். அறை அறையாகச் சுற்றி வரும். கடைசி ஆறு பக்கங்களை வாசகர் கருத்துக்காக வெறுமையாக விட்டிருப்போம். இரண்டாம் ஆண்டில் நான் ஒரு கதை எழுதினேன். தாத்தா இறந்துபோன வீடு. விடியற்காலையில் அத்தை அடுப்பைப் பற்ற வைத்து எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுப்பதாக ஒரு காட்சி. இதழ் சுற்றித் திரும்பி வந்தபோது கடைசிப் பக்கத்தில் மூன்றாம் ஆண்டு அக்கா ஒருவர் பச்சை மையில் எழுதியிருந்தார்: ‘துட்டி வீட்டில் அடுப்பு எரியாதே? பக்கத்து வீட்டிலிருந்துதானே காபி வரும்? அந்தப் பக்கத்து வீட்டுக்காரி யார்? அவளை ஏன் கதைக்குள் விடவில்லை?’

மூன்று கேள்விகள். நான் அந்தக் கதையைத் திரும்ப எழுதினேன். தூக்குப்போணியோடு படியேறி வருகிற பக்கத்து வீட்டுக்காரிதான் அந்தக் கதையே என்று எழுதும்போதுதான் தெரிந்தது. எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தது அந்தப் பச்சை மை. பிறகு படித்த பட்டங்கள் எல்லாம் அதற்கு அடுத்துதான்.

இனி நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

தபால் உறைகள் போய் மின்னஞ்சல் வந்தது. பதில் இன்னும் சுருங்கியது. பல இடங்களில் பதிலே இல்லை என்றானது. அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் எழுத்தாளர்களே கூடி பிட்ச் போட்டிகளை ஆரம்பித்தார்கள். பிட்ச் என்றால் நாவலைச் சில வரிகளில் சொல்லி ஆர்வத்தைக் கிளப்புவது. பிரெண்டா டிரேக் என்ற எழுத்தாளர் நடத்திய பிட்ச் மேட்னஸ் போட்டியில் 35 சொற்களில் ஒரு பிட்ச்சும், நாவலின் முதல் 250 சொற்களும் அனுப்ப வேண்டியிருந்தது. அவரே 2012இல் பிட்ச் வார்ஸ் என்ற போட்டியைத் தொடங்கினார். ஏற்கெனவே புத்தகம் போட்ட எழுத்தாளர்கள் மென்டர்களாக வருவார்கள். வந்து குவிகிற நாவல்களிலிருந்து தங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்து, அதை எழுதியவரோடு மாதக்கணக்கில் உட்கார்ந்து திருத்துவார்கள். கடைசியில் ஏஜென்ட்டுகளின் பார்வைக்கு வைப்பார்கள். மென்டர்களுக்குச் சம்பளம் கிடையாது, சேர்பவர்களுக்குக் கட்டணமும் கிடையாது.

இன்னொன்று பிட்மேட். ட்விட்டரில் குறிப்பிட்ட ஒரு நாளில் காலை எட்டு முதல் இரவு எட்டு வரை ஹேஷ்டேக் போட்டு நாவலை ஒரே ட்வீட்டில் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் 140 எழுத்துகள், 2017இன் இறுதியில் ட்விட்டர் வரம்பைக் கூட்டிய பிறகு 280. நண்பர்கள் அதை ரீட்வீட் செய்து உதவலாம், ஆனால் இதயக்குறியைத் தொடக்கூடாது என்பது விதியாக இருந்தது. அது ஏஜென்ட்டுகளுக்கும் எடிட்டர்களுக்கும் மட்டும். இதயம் விழுந்தால், ‘உன் நாவலை எனக்கு அனுப்பு’ என்று பொருள். நியூயார்க் காலை எட்டு மணி என்றால் ஜூன் மாதத்தில் இங்கே மாலை ஐந்தரை. சென்னையிலிருந்து கலந்துகொள்கிறவர் விடிய விடியத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

35 சொற்களில் ஒரு நாவலா என்று நீங்கள் கேட்கலாம். செய்து பாருங்கள். ‘பிழைப்பைப் புதிதாகத் தொடங்க, மனைவியின் கால்சிலம்பை விற்க மதுரைக்கு வருகிறான் ஒரு வணிகன். அதே நேரம் அரசியின் சிலம்பு ஒன்று காணாமல் போயிருக்கிறது. கள்வன் என்று அவனைக் கொன்றுவிடுகிறார்கள். மனைவி கையில் இன்னொரு சிலம்பு இருக்கிறது.’ இதில் மூன்று காண்டங்களின் அழகு எதுவும் இல்லை. ஆனால் யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது, எதை இழக்கப் போகிறார்கள் என்பது இருக்கிறது. கடைசி வரியில் கதவு திறந்து நிற்கிறது. பிட்ச் அவ்வளவு செய்தால் போதும்.

இந்த வழியில் வந்தவர்கள் இருக்கிறார்கள். டோமி அடெயெமி பிட்ச் வார்ஸில் மென்டரிடம் திருத்தக் கற்ற பெண். அவருடைய ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ 2018இல் வந்து பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டு ‘தி கிஸ் கோஷன்ட்’ எழுதிய ஹெலன் ஹோவாங்கும் பிட்ச் வார்ஸ் வழியாக வந்தவர்தான். மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் ஊரைச் சேர்ந்த ஆஞ்சி தாமஸ் வந்தது வேறு வழியில். 2015இல் ஏஜென்ட் ஒருவர் ட்விட்டரில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது, கறுப்பின மக்களின் போராட்டத்தை ஒட்டி இளையோர் நாவல் எழுதினால் எடுத்துக்கொள்வார்களா என்று ஆஞ்சி கேட்டார். அந்த ஒரு கேள்விதான் ‘தி ஹேட் யூ கிவ்’ நாவலுக்கு ஏஜென்ட்டைக் கொண்டுவந்தது. 13 பதிப்பகங்கள் ஏலத்தில் போட்டியிட்டன. 2016இல் பெத் ஃபீலன் என்ற ஏஜென்ட், பதிப்புலகம் ஒதுக்கி வைத்த சமூகங்களைச் சேர்ந்தவர்களுக்காகவே டிவிபிட் என்ற நாளைத் தொடங்கினார். இதெல்லாம் நடந்த உண்மை, நான் மகிழ்ச்சியோடு சொல்கிறேன்.

ஆனால் இந்த வெற்றிக் கதைகளை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் உங்களுக்குத் துரோகம் செய்தவளாவேன். ஆயிரக்கணக்கான பேர் கலந்துகொண்டார்கள். தேர்வானது மிகச் சிறிய பகுதி. மற்றவர்கள் என்ன ஆனார்கள்? நான் பார்த்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். அவர் ஒரு பள்ளிப் பேருந்து ஓட்டுநர்.

ஒரு பிட்மேட் நாளில் அவர் மூன்று ட்வீட் போட்டிருக்கிறார். ஒரு இதயம்கூட விழவில்லை. அன்றைக்கு நானும் இதயம் போட்டுக்கொண்டிருந்தேன், அவருடையது என் கண்ணில் படவே இல்லை. இரவு எட்டு மணிக்கு ஹேஷ்டேக் முடிந்த பிறகு, ஒன்றும் கிடைக்காத ஆறு பேர் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ஒருவர் ராணுவத்தில் சமையல்காரர், ஒருவர் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் தாய். ஆறு பேரும் ஆறு மாநிலத்தில். மாதம் இரண்டு அத்தியாயம் மாற்றிப் படிப்பது என்று முடிவு செய்தார்கள்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் குழுவில் இருந்த தாய் எனக்கு நாவல் அனுப்பினார். படித்து முடிக்கும்வரை கீழே வைக்க முடியவில்லை. ஒப்பந்தம் பேசும்போது, ‘எட்டாவது அத்தியாயத்தை இவ்வளவு இறுக்கமாக எப்படி எழுதினீர்கள்?’ என்று கேட்டேன். பழைய வரைவை அனுப்பி வைத்தார். ஓரமெல்லாம் பேருந்து ஓட்டுநரின் குறிப்புகள். பாராட்டு, திட்டு எதுவும் இல்லை. சில வரிகளுக்குப் பக்கத்தில் ஒரே சொல், ‘கண்ணாடி’. விசாரித்தேன். பேருந்து ஓட்டும்போது அவர் கண் சாலையில் இருக்கும். பின்னால் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று அவ்வப்போது தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைப் பார்ப்பார். படிக்கும்போது எந்த இடத்தில் அவர் கவனம் கதையை விட்டு விலகியதோ, அங்கே ‘கண்ணாடி’ என்று எழுதுவார். ஏன் விலகியது என்று விளக்க மாட்டார். அது எழுதியவர் கண்டுபிடிக்க வேண்டியது. அந்த எட்டாவது அத்தியாயத்தில் மட்டும் பதினொரு கண்ணாடி இருந்தது.

இருபது வருடம் தொழிலில் இருந்த எனக்கு அது புதிய பாடம். இன்றைக்கு என் அலுவலகத்தில் உதவியாளர்கள் படிக்கும் எல்லாப் பிரதிகளிலும் அந்தக் குறி உண்டு. தான் கவனம் இழந்ததை மறைக்காமல் சொல்வதும், அதைக் காயப்படுத்தாமல் சொல்வதும் எவ்வளவு பெரிய மரியாதை தெரியுமா? நான் ஒட்டி அனுப்பிய அத்தனை துண்டுச் சீட்டுகளிலும் அந்த மரியாதை இல்லை.

அந்த ஓட்டுநருடைய நாவலை நானே கேட்டு வாங்கினேன். குளிர்காலத்தில் ஒரு மலைப்பாதைப் பேருந்து, அதில் தினமும் கடைசியாக இறங்கும் ஒரு பையன். ஒப்பந்தம் போட்டு 22 எடிட்டர்களுக்கு அனுப்பினேன். 22 பேரும் வேண்டாம் என்றார்கள். அவரிடம் தொலைபேசியில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, ‘சமையல்காரரின் பத்தாவது அத்தியாயம் வந்திருக்கிறது, படிக்க வேண்டும்’ என்றார்.

பிட்ச் வார்ஸ் 2022இல் முடிந்துபோனது. சம்பளமில்லாத உழைப்பால் பத்து வருடம் நடந்த ஒன்று அது. அதோடு பிட்மேட்டும் நின்றது. ட்விட்டரும் கைமாறிப் பெயர் மாறியது. அந்த ஆறு பேர் இன்றைக்கும் மாதம் இரண்டு அத்தியாயம் படிக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் போட்டிகளில் பரிசு ஏஜென்ட் இல்லை. ஏஜென்ட்டாக இருந்துகொண்டே சொல்கிறேன். பரிசு என்பது, தன் எழுத்தை விட்டுவிட்டு உங்கள் எழுத்துக்காக இரண்டு மணி நேரம் செலவு செய்கிற ஒரு ஆள்.

நாளை மறுநாள் விடுதியைக் காலி செய்வீர்கள். ஒருத்தி பெங்களூருக்கு, ஒருத்தி வங்கித் தேர்வுக்கு, ஒருத்தி கல்யாணத்துக்கு என்று பிரிவீர்கள். எழுதுகிறவள் ஒருத்தி உங்கள் அறையில் இருந்திருப்பாள். அவள் யார் என்று அறைத்தோழிக்குத் தெரியும். அவள் எண்ணை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். அவள் அனுப்புவதைப் படியுங்கள். ‘சூப்பர்’ என்று மட்டும் பதில் போடாதீர்கள். எந்த இடத்தில் உங்கள் கண் ஜன்னலுக்குப் போனது என்று சொல்லுங்கள். நீங்களே எழுதுகிறவளாக இருந்தால், உங்களுடையதை அனுப்புவதற்கு முன்னால் அவளுடையதைக் கேட்டு வாங்குங்கள்.

காலையில் நூலகத்தில் அந்தப் பழைய கையெழுத்துப் பத்திரிகைகளைத் தேடினேன். நூலகர் அம்மா பொறுமையாக இரண்டு அலமாரி திறந்து காட்டினார். 1993ஆம் ஆண்டின் இரண்டு இதழ்கள் கிடைத்தன. பச்சை மை மங்கியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது. கடைசிப் பக்கங்களில் இன்னும் கொஞ்சம் வெற்றிடம் பாக்கி இருக்கிறது.

பேருந்து ஓட்டுநரின் இரண்டாவது நாவல் போன வாரம் வந்து சேர்ந்தது. 312 பக்கம். அச்செடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நேற்றிரவு விருந்தினர் விடுதியில் நாற்பது பக்கம் படித்தேன், இன்னும் ஒரு கண்ணாடிகூடப் போடவில்லை. நாளை தூத்துக்குடியில் விமானம் ஏறும்போது நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறப்பேன். உங்கள் பெயரைக் கூப்பிட முதல்வர் பட்டியலோடு காத்திருக்கிறார். வாருங்கள், பிள்ளைகளே.