ஐந்தாம் வகுப்போடு நின்று விடலாமா?

(பெண்கள் தொடக்கப் பள்ளிகளின் பணிகள் குறித்த உரையின் எழுத்து வடிவம்)

  

பெண் குழந்தைகளுக்கான தொடக்கப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களுக்கு நீங்கள் போயிருப்பீர்கள். கிராஅத் ஓதி விழா தொடங்கும். தலைமை ஆசிரியை ஆண்டறிக்கை வாசிப்பார். பேச்சுப் போட்டியில் பெற்ற பரிசுகள், விளையாட்டில் வாங்கிய கோப்பைகள், புதிதாகக் கட்டிய வகுப்பறை, குடிநீர்த் தொட்டி, கழிப்பறை, நன்கொடை தந்தவர்களின் பெயர்கள் என்று எல்லாம் வரும். அல்ஹம்துலில்லாஹ்! இவை அனைத்தும் பாராட்டப்பட வேண்டியவை. குறைந்த சம்பளத்தில் நிறைந்த மனதோடு உழைக்கும் ஆசிரியைகளின் வியர்வை அதில் இருக்கிறது.

ஆனால் அந்த அறிக்கையில் ஒரு கணக்கைத் தேடிப் பாருங்கள். சென்ற ஆண்டு ஐந்தாம் வகுப்பை முடித்துச் சென்ற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? இந்தக் கணக்கு பெரும்பாலும் இருக்காது. கேட்டால், "அவர்கள்தான் நம் பள்ளியை விட்டுப் போய்விட்டார்களே" என்பார்கள். ஒரு பெண்கள் தொடக்கப் பள்ளியின் உண்மையான சாதனை அந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதைச் சொல்லவே நான் உங்கள் முன் நிற்கிறேன்.

மார்க்கம் தந்த உரிமை

பெண் கல்விக்கு மார்க்கத்தில் இடமுண்டா என்று இன்று யாரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. இறைவேதத்தின் முதல் கட்டளையே படிப்பதைப் பற்றியது என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆண்கள் தங்களைச் சூழ்ந்து கொள்வதால் எங்களுக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று பெண்கள் கேட்டபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வாறே ஒதுக்கிப் போதித்த செய்தி புகாரியில் இருக்கிறது. ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி நபிகளாரின் துணைவியார் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுத் தந்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழிகள் இரண்டாயிரத்திற்கும் மேல். ஆண்களான சஹாபாக்கள் அவர்களிடம் வந்து மார்க்கச் சட்டங்களைக் கேட்டுத் தெளிந்தார்கள். அறிவுக்கு ஐந்தாம் வகுப்பு என்று எல்லை கட்டிய மார்க்கமல்ல நமது மார்க்கம்.

முன்னோர் போட்ட பாதை

இந்தப் பாதையில் நமக்கு முன்னே நடந்தவர்கள் உண்டு. இலங்கையில் தமிழ் முஸ்லிம்களின் விழிப்புக்கு வித்திட்ட அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். அவர் எழுத்தோடு நிற்கவில்லை. 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் கண்டார். அலிகரில் ஷேக் அப்துல்லாஹ்வும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1906இல் ஒரு சிறு பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். பிள்ளைகள் மூடுபல்லக்கில் வந்து படித்தார்கள். போபால் ராணியார் சுல்தான் ஜஹான் பேகம் அதற்கு ஆதரவுக் கரம் நீட்டினார். அந்தச் சிறு பள்ளிதான் இன்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரி.

இவர்களில் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் வங்கத்தின் ரொக்கையா சகாவத் ஹுசைன் அம்மையார். 1880இல் ரங்பூர் மாவட்டத்தில் பைராபந்த் கிராமத்தில் ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவர். வீட்டார் உறங்கிய பிறகு அண்ணன் இரவில் விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலமும் வங்க மொழியும் சொல்லிக் கொடுத்தார். அவர் எழுதிய 'சுல்தானாவின் கனவு' என்ற ஆங்கிலக் கதை 1905இல் நம் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் இதழில்தான் அச்சேறியது.

1909இல் கணவர் காலமானார். பெண்கள் பள்ளிக்கென்று அவர் விட்டுச் சென்ற பத்தாயிரம் ரூபாயைக் கொண்டு, அதே ஆண்டில் பாகல்பூரில் ஐந்து பிள்ளைகளோடு பள்ளியைத் தொடங்கினார் அம்மையார். குடும்பச் சொத்துத் தகராறால் அங்கே இருக்க முடியவில்லை. கல்கத்தாவுக்கு வந்தார். 1911 மார்ச் 16 அன்று வலியுல்லாஹ் சந்தில் ஒரு வாடகை வீட்டில் மீண்டும் பள்ளியைத் திறந்தார். எட்டே எட்டுப் பிள்ளைகள்! நான்கே ஆண்டுகளில் எட்டு என்பது எண்பத்து நான்கானது.

எப்படி ஆனது? அவர் பெற்றோர் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. கல்கத்தாவின் முஸ்லிம் வீடுகளின் படியேறினார். உங்கள் பிள்ளையை என்னிடம் அனுப்புங்கள், கோஷாவுக்கு நான் பொறுப்பு என்று மன்றாடினார். தாமும் பர்தா பேணினார். குர்ஆன் ஓதுவதோடு பொருளும் சொல்லிக் கொடுத்தார். மொழிகளோடு தையல், சமையல், நோயாளியைப் பராமரிப்பது, முதலுதவி, உடற்பயிற்சி ஆகியவற்றையும் வைத்தார்.

வண்டிப் பிரச்சினையை மட்டும் சொல்கிறேன், கேளுங்கள். பிள்ளைகளை அழைத்து வரப் பள்ளிக்கு ஒரு மோட்டார் பஸ் வந்தது. கோஷாவுக்காகக் காற்றுக்கூட நுழையாதபடி அதை மூடியிருந்தார்கள். உள்ளே இருட்டும் புழுக்கமும் தாங்காமல் பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள், மயங்கி விழுந்தார்கள். தாய்மார்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி என்று அடைப்பை எடுத்துவிட்டுத் திரைச்சீலை போட்டார் அம்மையார். உடனே வேறு சிலரிடமிருந்து கடிதங்கள் வந்தன. காற்றில் திரை பறக்கிறது, பர்தா போய்விட்டது என்று மிரட்டல்! அடைத்தாலும் குற்றம், திறந்தாலும் குற்றம். இதை அவரே பிற்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் பள்ளியை அவர் மூடவில்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தொடக்கப் பள்ளியோடு போதும் என்று அவர் நிற்கவில்லை. 1917இல் நடுநிலைப் பள்ளியாக உயர்த்தினார். 1930ஐ ஒட்டி அது உயர்நிலைப் பள்ளியானது. 1932 டிசம்பர் 9 அன்று அம்மையார் மறைந்தார். அவர் பள்ளி இன்றும் கொல்கத்தாவில் அரசுப் பெண்கள் பள்ளியாக நடைபெற்று வருகிறது. தன்னிடம் படித்த பிள்ளை அடுத்த வகுப்புக்கு எங்கே போவாள் என்று கவலைப்பட்டதால்தான் எட்டுப் பிள்ளைகளின் சந்துப் பள்ளி இவ்வளவு உயர்ந்தது.

நம் நிலை என்ன?

இப்போது நம் ஊருக்கு வருவோம். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய முஸ்லிம் பெண்களில் எழுத்தறிவு பெற்றவர்கள் 50 விழுக்காடுதான். தமிழகத்திலோ அது சுமார் 76 விழுக்காடு. தமிழகப் பெண்களின் மொத்த எழுத்தறிவான 64 விழுக்காட்டைவிட இது அதிகம். இதைச் சொல்லி நாம் பெருமைப்படுகிறோம். ஆனால் ஒன்றை மறந்து விடுகிறோம். எழுதப் படிக்கத் தெரிந்தால் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெற்றவர்தான். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட பெண்ணும் அந்த 76இல் அடக்கம். அவள் ஆசிரியையாகவோ, மருத்துவராகவோ, வழக்கறிஞராகவோ ஆவதற்கு அந்தக் கணக்கு உதவாது.

2006 நவம்பரில் வெளியான சச்சார் குழு அறிக்கை, 6 முதல் 14 வயது வரையுள்ள முஸ்லிம் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் பள்ளிக்கே போகாதவர் அல்லது பாதியில் நின்றவர் என்று சொன்னது. முஸ்லிம் பெற்றோர் படிப்பை வெறுக்கிறார்கள் என்ற பழியையும் அந்த அறிக்கை ஏற்கவில்லை. அருகில் பெண்கள் பள்ளி இல்லை, ஆசிரியைகள் போதவில்லை, விடுதி இல்லை என்ற காரணங்களை எடுத்து வைத்தது.

சட்டத்தைப் பாருங்கள். 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் மத்திய விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்கின்றன. ஆறு முதல் எட்டு வரை மூன்று கிலோமீட்டர். அந்த இரண்டு கிலோமீட்டர் வித்தியாசம் அதிகாரிக்குக் காகிதத்தில் ஒரு கோடு. பத்து வயதுப் பெண் பிள்ளையின் தாய்க்கோ அது நெடுஞ்சாலை, பஸ் நெரிசல், மாலை இருட்டு. நம் பிள்ளைகள் நிற்கும் இடம் அதுதான்.

போதாக்குறைக்கு, சிறுபான்மை மாணவர்களுக்கான பள்ளிப் படிப்பு உதவித்தொகையை 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு 2022-23 கல்வியாண்டிலிருந்து மத்திய அரசு நிறுத்தியது. கட்டாயக் கல்விச் சட்டம் இருக்கிறதே என்று காரணம் சொன்னது. சீருடைக்கும் ஆட்டோவுக்கும் அந்தச் சட்டமா பணம் தருகிறது? இதைக் கண்டிப்பது நம் கடமை.

கண்டித்து விட்டு, நம் பக்கமும் பார்க்க வேண்டும். தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 2007இல் 3.5 விழுக்காடு தனி இட ஒதுக்கீடு கிடைத்தது. வீதியில் நின்று போராடிப் பெற்ற உரிமை அது. ஐந்தாம் வகுப்போடு நின்ற பெண்ணுக்கு அதில் என்ன பங்கு? உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டபோது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பிறகு அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் அது விரிந்தது. கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். ஆறாம் வகுப்பு வாசலைத் தாண்டாத பிள்ளைக்கு எந்தத் திட்டமும் இல்லை, எந்த ஒதுக்கீடும் இல்லை.

நம் தெருவில் தடுப்பவர் யார்?

ஆப்கானிஸ்தானை நினைத்துப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் ஆட்சி மாறிய பிறகு அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் படிக்கத் தடை வந்தது. 2022 மார்ச் 23 அன்று பள்ளிகள் திறக்கும் என்று நம்பிப் போன பிள்ளைகள் சில மணி நேரத்தில் அழுதுகொண்டே திரும்பினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் பல்கலைக்கழகமும் மூடப்பட்டது. இது ஷரீஅத்துக்கு முரணானது என்று அல் அஸ்ஹரின் தலைமை இமாம் அறிவித்தார். நாமும் கண்டிக்கிறோம்.

ஆனால் அங்கே அரசாங்கம் ஆணை போட்டுத் தடுக்கிறது. நம் தெருவில் ஆணை போட்டது யார்? பெரிய மனுஷி ஆகப் போகிறாள், போதும் என்று சொல்வது யார்? தம்பியைப் பார்த்துக் கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்துவது யார்? அண்ணன் தனியார் ஆங்கிலப் பள்ளியில் படிக்க, தங்கை படிப்பு நிற்பது எந்த மார்க்கத் தீர்ப்பு? நாமாகப் போட்ட தடையை நாமேதான் நீக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு பதிவேடு வையுங்கள். நிக்காஹ் பதிவேடு வைக்கிறோம், சந்தாப் பதிவேடு வைக்கிறோம். ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பெண் பிள்ளைகளின் பெயர்களையும் ஏப்ரல் மாதத்தில் எழுதுங்கள். ஜூன் மாதம் எந்தப் பள்ளியில் சேர்ந்தாள் என்று எதிரே எழுதுங்கள். காலியாக இருக்கும் இடத்துக்கு உரிய வீட்டுப் படியை ஏறுங்கள். பெண்கள் போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

இரண்டாவதாக, தலைமை ஆசிரியைகள் மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையும் தாய்மார்களையும் அடுத்த பள்ளிக்கு ஒரு முறை அழைத்துப் போய்க் காட்டுங்கள். வகுப்பறையையும் ஆசிரியைகளையும் கண்ணால் பார்த்த தாய்க்குப் பாதி பயம் போய்விடும்.

மூன்றாவதாக, வண்டி. பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு வேன். ஏழைப் பிள்ளையின் வேன் கட்டணத்தை ஜமாஅத் ஏற்கட்டும். ஜகாத் பெறத் தகுதியுள்ள குடும்பங்களை ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நம் தாய்மார்கள் அதில் உட்கார வேண்டும். கழிப்பறை, சுற்றுச்சுவர், ஆசிரியை நியமனம் பற்றிக் கேள்வி கேட்க வேண்டும். தொடக்கப் பள்ளியை நடுநிலைப் பள்ளியாகத் தரம் உயர்த்தத் தீர்மானம் போட்டு மனுக் கொடுக்க வேண்டும்.

ஐந்தாவதாக, ஆண்டறிக்கை. அடுத்த விழாவில் பரிசுக் கணக்கோடு இந்தக் கணக்கும் மேடையில் வாசிக்கப்படட்டும். இருபது பேர் முடித்தார்கள், இருபது பேரும் ஆறாம் வகுப்பில் சேர்ந்தார்கள் என்று ஒரு தலைமை ஆசிரியை வாசிப்பாரானால், அவருக்கே முதல் பொன்னாடை போர்த்துங்கள்.

தாய்மார்களே! உங்களில் பலர் படிக்க ஆசைப்பட்டு நிறுத்தப்பட்டவர்கள். அந்த வலி உங்களுக்குத் தெரியும். அதை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்து விடாதீர்கள். இதைப் படிக்கும் தந்தைமார்களே! பத்து வயது மகள் வீட்டில் இருந்தால் இன்றே அவளிடம் கேளுங்கள்: அடுத்த வருஷம் எந்தப் பள்ளிக்கூடம் போகிறாய் என்று.

நம் பெண் மக்களின் அறிவையும் ஈமானையும் வல்ல அல்லாஹ் பெருகச் செய்வானாக! நம் முயற்சிகளை ஏற்றுக் கொள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.