கூடாரத்திற்குள் மின்சாரம்

மாக மாதத்தில் பிரயாகை சென்றவர்கள், திரிவேணி சங்கமத்தின் மணல்வெளியில் துணியாலான ஒரு நகரமே எழுந்து நிற்பதைக் கண்டிருப்பார்கள். பௌஷ பௌர்ணமி முதல் மாக பௌர்ணமி வரை அங்கே கூடாரத்தில் தங்கி, நாள்தோறும் கங்கையில் நீராடுவதைக் கல்பவாசம் என்பர். முன்னாளில் அரிக்கேன் விளக்கு எரிந்த கூடாரங்களில் இன்று மின்விளக்கு எரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் என் அன்னையார் அவ்வாறு தங்கியிருந்தபோது காணச் சென்றேன். கூடாரத்தின் இரும்புக் கம்பத்தைக் காட்டி, “இதைத் தொட்டால் சில வேளை சுருக்கென்கிறதப்பா, குளிரினால் போலும்” என்றார். குளிரன்று, கம்பத்தைச் சுற்றிக் கட்டியிருந்த மின்கம்பியின் உறை தேய்ந்து போயிருந்தது. அவர் செருப்பணிந்தே கம்பத்தைத் தொட்டிருந்தார். நீராடிய ஈரத்துடன், வெறுங்காலுடன் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்!

வீட்டில் வருவதும் 230 வோல்ட். கூடாரத்தில் வருவதும் அதுவே. வேறுபடுவது நாம் நிற்கும் நிலமாகும். ஈரத் தோல் மின்சாரத்தை எளிதில் உள்ளே விடும். ஈர மணல் அதனைப் பூமிக்குக் கடத்தும். இடையில் அகப்படுவது மனித உடல்.

ஃபியூஸ் இருக்கிறதே, காப்பாற்றாதா என்று கேட்கலாம். 6 ஆம்பியர் ஃபியூஸ், 6,000 மில்லி ஆம்பியர் வரை தடையின்றி விட்டுவிடும். மனித இதயத்தை நிலைகுலையச் செய்யவோ சில பத்து மில்லி ஆம்பியரே போதும். ஃபியூஸும், அதன் இடத்தைப் பிடித்துள்ள எம்.சி.பி.யும் காப்பது கம்பியை, நம்மையன்று.

நம்மைக் காப்பதற்கென உள்ள கருவி ஆர்.சி.சி.பி. எனப்படும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக உள்ளனவா என்று அது இடைவிடாது ஒப்பிட்டுப் பார்க்கிறது. கசிவினால் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு ஏற்பட்டால், ஒரு வினாடியில் மூன்றிலொரு பங்கு நேரத்திற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். எனினும், இரண்டு கம்பிகளையும் ஒருவர் ஒருங்கே பற்றினால், கசிவென்று அதற்குத் தோன்றாமற் போகலாம். ஆகையால் கருவி இருப்பது கவனக்குறைவுக்கு அனுமதியாகாது.

கம்பி, எர்த் உள்ளிட்ட மூன்று இழைகளோடும், தடித்த உறையோடும், இடையில் ஒட்டுப்போடாததாகவும் இருத்தல் வேண்டும். சுருளாக வந்த கம்பியை முழுவதும் பிரித்தே பயன்படுத்துக; சுருளிலேயே விட்டால் வெப்பம் வெளியேறாமல் உறை உருகும். பிளக்கும் சாக்கெட்டும் தரையில் கிடக்கலாகாது. வைக்கோலுக்கும் ஜமக்காளத்திற்கும் அடியில் கம்பியைச் செலுத்தலாகாது. இரும்புக் கம்பத்தில் சுற்றவும் கூடாது.

6 ஆம்பியர் இணைப்பு தாங்குவது ஏறத்தாழ 1,380 வாட். வெந்நீர் போடும் இம்மர்ஷன் ராடு ஒன்றே 1,500 வாட் கொள்ளும். அதைக் கூடாரத்தில் தவிர்ப்பதே நன்று. குளிருக்குக் கம்பளி போதும். மூடிய கூடாரத்தினுள் கரியடுப்பு மூட்டினால் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும்.

எவரேனும் மின்சாரத்தால் தாக்குண்டால், முதலில் இணைப்பைத் துண்டியுங்கள்; அதற்கு முன் அவரைத் தொடாதீர்கள். பிறகு 112 என்னும் எண்ணை அழையுங்கள். மூச்சில்லையேல், பயின்றவர் உடனே நெஞ்சை அழுத்தி முதலுதவியைத் தொடங்க வேண்டும்.

பிரயாகையாயினும், மலையடிவாரத்து முகாமாயினும், கூடாரத்தில் பெட்டியை இறக்கியதும் மின்பணியாளரை அழைத்து, “இங்கே ஆர்.சி.சி.பி. உண்டா? அதன் சோதனைப் பொத்தானை அழுத்திக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பொத்தானை அழுத்தியதும் விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் அதைச் சரிசெய்யும் வரை அந்தக் கூடாரத்திற்கு மின்சாரம் வேண்டாம். டார்ச் விளக்கே போதும்.