பழைய மிக்ஸியும் பழுது பார்ப்பவரும்

(நெருளில் நடந்த மூத்த உறுப்பினர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆரோக்கியம், பென்ஷன், க்ஷேத்ராடனம் என்று பெரிய விஷயங்கள் பேசப்படும் மேடையில் நான் மிக்ஸியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாமிகளாவது கவனிப்பார்கள் என்ற தைரியம்தான்!

நம் சமையலறைக்கு மிக்ஸி வந்ததே ஒரு ரிப்பேரால்தான். 1960-களின் தொடக்கத்தில் மாதுரி மாத்தூர் என்ற பெண்மணியின் ஜெர்மன் பிரௌன் மிக்ஸர் மோட்டார் எரிந்துபோயிற்று. பழமும் பாலும் அடிக்கத் தோதான அந்த இயந்திரம் நம் ஊர் மசாலாவுக்கும் பருப்புக்கும் ஈடுகொடுக்கவில்லை. அதை இங்கே சரிசெய்யவும் வழியில்லை. அவர் கணவர் சத்ய பிரகாஷ் மாத்தூர் சீமென்ஸில் பணியாற்றிய இஞ்சினியர். நம் அரவைக்குத் தாங்கக்கூடிய மோட்டாரை அவரே உருவாக்கினார். 1963-ல் ‘சுமீத்’ பிறந்தது. அதன் பிறகுதான் எத்தனையோ வீடுகளில் அம்மியும் உரலும் ஓய்வு பெற்றன.

இனி எங்கள் அகத்துக் கதை. எங்களுடைய மிக்ஸி 1979-ல் வாங்கியது. பிராண்டைச் சொன்னால் விளம்பரமாகிவிடும், விட்டுவிடுகிறேன். போன வருஷம் தேங்காய் அரைக்கும்போது உள்ளே நீலப் பொறி பறந்து நின்றுவிட்டது. ஒரு சர்வீஸ் சென்டருக்கு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பையன் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. “அங்கிள், இதெல்லாம் மியூசியத்துக்குக் கொடுங்க. எக்ஸ்சேஞ்சில் ஐந்நூறு ரூபாய் தள்ளுபடி தருகிறோம்” என்றான். என் மனைவிதான், “ஏன்னா, டாக்டர் நாடி பார்க்காமலேயே கைவிரிச்சா நாம விட்டுடுவோமா?” என்று கேட்டாள்.

நெருள் ஸ்டேஷன் பக்கம் ஆறடிக்கு நாலடி கடை வைத்திருக்கும் ஒரு மராத்தி மெக்கானிக்கிடம் போனேன். அறுபது வயதுக்காரர். நாலு திருகாணியைக் கழற்றி அடித்தட்டை எடுத்து, “ஸாப், மோட்டார் நன்றாயிருக்கிறது. கார்பன் தேய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்” என்றார்.

நான் படித்த பி.எஸ்ஸி. பௌதிகம் அங்கே ஞாபகம் வந்தது. நம் பழைய சீலிங் ஃபேனில் இருப்பது இண்டக்ஷன் மோட்டார், நிமிஷத்துக்கு முந்நூற்றுச் சொச்சம் சுற்று. மிக்ஸியில் இருப்பது யுனிவர்சல் மோட்டார், சுமார் 18,000 சுற்று. நம் மின்சாரம் விநாடிக்கு 100 தடவை திசை மாறுகிறது. இந்த மோட்டாரில் வெளிச்சுருள், உள்ளே சுழலும் ஆர்மெச்சர் இரண்டிலும் அது ஒரே சமயத்தில் மாறுவதால், சுழற்சி மட்டும் ஒரே திசையில் நடக்கிறது. சுழலும் ஆர்மெச்சருக்கு மின்சாரத்தைக் கொண்டுபோவது இரண்டு கார்பன் துண்டுகள். ஸ்பிரிங் அவற்றைச் செப்பு வளையத்தின் மேல் அழுத்திக்கொண்டே இருக்கும். தேய்வதுதான் அவற்றின் தர்மம். அவை தேய்ந்து, செப்பு தப்பிக்கிறது. எங்கள் மிக்ஸியில் அவை அரிசிமணி அளவுக்கு வந்துவிட்டன.

அந்த அளவு கார்பன் நெருளில் கிடைக்கவில்லை. ஹார்பர் லைனில் சி.எஸ்.எம்.டி. போய், க்ராஃபோர்ட் மார்க்கெட் தாண்டி, லோஹார் சாலில் மூன்றாவது கடையில் கொஞ்சம் பெரிய அளவில் வாங்கி வந்தேன். அதை அவர் அரத்தால் ராவிப் பொருத்தினார். செப்பு வளையத்தை நைஸான உப்புத்தாளால் தேய்த்து, இடுக்கிலிருந்த கரியைச் சுரண்டினார். இறுகிப்போன பழைய ஒயருக்குப் பதிலாக எர்த்தோடு மூன்று பின் ஒயர் போட்டார். கப்ளர், ஜாரின் புஷ், வாஷர் எல்லாம் மாற்றி, மொத்தம் 780 ரூபாய். மறுநாள் காலை தோசைக்குத் தேங்காய்ச் சட்னி அதில்தான்.

உங்கள் மிக்ஸி நின்றுபோனால், முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பல மிக்ஸிகளின் அடியில் ஓவர்லோடு பொத்தான் இருக்கும். அது வெளியே வந்திருந்தால் பத்து நிமிஷம் ஆறவிட்டு அழுத்துங்கள். அதற்கும் ஓடவில்லையென்றால் மறுபடி பிளக்கை எடுத்துவிட்டு ஜாரின் பிளேடைக் கரண்டிக் காம்பால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் கோளாறு ஜாரில், மோட்டாரில் அல்ல. எரிந்த நாற்றம் கடுமையாக வந்தால் ஆர்மெச்சர் போயிருக்கலாம். அப்போது செலவு கட்டுமா என்று யோசிக்க வேண்டும். திருகாணியைக் கழற்றும் வேலை மட்டும் நமக்கு வேண்டாம். அதற்குத்தான் மெக்கானிக்.

கவலை அங்கேதான். “எனக்குப் பிறகு இந்தக் கடை இல்லை, ஸாப். பையன் டெலிவரி வேலைக்குப் போய்விட்டான்” என்றார் அவர். மத்திய அரசு 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் சட்டமே இயற்றியது. உரிமை வந்தாயிற்று, பழுது பார்க்கும் கை இல்லாவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? உதிரிபாகத்தை ராவியாவது பொருத்தலாம். முப்பது வருஷக் கைப்பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

2009-ல் ஆம்ஸ்டர்டாமில் ‘ரிப்பேர் கஃபே’ என்று ஒன்று தொடங்கினார்கள். பழுதான சாமானோடு வருவார்கள். தெரிந்தவர் கூட உட்கார்ந்து சரிசெய்து கொடுப்பார். பெங்களூரிலும் 2015 முதல் நடத்தியிருக்கிறார்கள். நம் சங்கத்தால் முடியாதா? இரண்டு யோசனைகள். ஒன்று, நெருள், செம்பூர், மாட்டுங்காவில் நம்பகமான மெக்கானிக்குகளின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, இந்தப் பத்திரிகையில் இதழ்தோறும் போடுவோம். இரண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு காலை இதே ஹாலில் அவர்களில் ஒருவரை உரிய கூலி கொடுத்து உட்கார வைப்போம். பேரன் பேத்திகள் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்.

முதல் பெயரைச் செயலாளரிடம் இப்போதே கொடுத்துவிட்டேன். உங்களுக்குத் தெரிந்தவர் பெயரை, காபி குடித்துவிட்டுக் கிளம்புமுன் எழுதிக் கொடுங்கள்.